ஆஸ்பத்திரி நர்ஸ்களின் வேலைச் சுமையும் மன அழுத்தமும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்டிலும் அப்புறம் நர்சிங் பள்ளியிலுமாக என் வேலைக்காலம் முழுக்க நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்திலேயே கழிந்தது. பழைய மாணவிகள் போன் செய்தாலும் சரி, கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாலும் சரி, கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான். நெய்யூரில் 1838-லேயே மிஷன் ஆஸ்பத்திரி தொடங்கிய மாவட்டம் இது. தெருவுக்கு ஒரு நர்ஸாவது இருக்கிற ஊர்களும் உண்டு, ஆனாலும் அவர்கள் படுகிற பாட்டைப் பற்றி வெளிப்படையாகப் பேச ஆளில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"எல்லா வேலையிலயும்தான் டென்ஷன் இருக்கு. நர்ஸ் வேலையில மட்டும் அப்படி என்ன தனியா?"

ஒரு மெடிக்கல் வார்டின் காலை நேரத்தைப் பாருங்கள். எட்டு மணிக்கு முந்தைய டூட்டிக்காரரிடமிருந்து ஹேண்டோவர் (பொறுப்பு) எடுத்ததும் வைட்டல்ஸ் (பிபி, நாடி, காய்ச்சல்), சுகர் பார்த்து இன்சுலின், ஆன்டிபயாட்டிக் ஊசிகள், டாக்டர் ரவுண்ட்ஸுக்குக் கேஸ் ஷீட்டுகள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். நடுவில் ஒரு படுக்கையில் டிரிப் நின்றுவிடும், இன்னொன்றில் கேனுலா (நரம்பில் மருந்து ஏற்றும் சின்னக் குழாய்) போட்ட கை வீங்கியிருக்கும், ஸ்கேனுக்குக் கொண்டுபோக வீல்சேர் வந்து நிற்கும், டிஸ்சார்ஜ் பேப்பருக்காக ஒரு குடும்பமே கவுண்டர் பக்கத்தில் காத்திருக்கும். இதில் எதையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ள முடியாது, தள்ளினால் ஒரு மனுஷருக்குத்தான் கேடு.

அதோடு, பொறுப்பு முழுக்க நர்ஸிடம் இருக்கும், முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்காது. எத்தனை நோயாளிகளை உள்ளே எடுப்பது, எத்தனை பேரை டூட்டியில் போடுவது, எந்த மருந்தை எப்போது மாற்றுவது என எல்லாவற்றையும் வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-லேயே இதைச் சொன்னார்: சுமை அதிகமாகவும் கட்டுப்பாடு குறைவாகவும் இருக்கிற வேலைதான் மனுஷரை மிகவும் நோகடிக்கும். நர்ஸ் வேலை அப்படியே அதில் பொருந்துகிறது. இதோடு ராத்திரி முழிப்பு, சாவைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது, திட்டு வாங்குவது எல்லாம் சேரும்.

"எனக்கு வெறும் அலுப்புதானா, இல்ல வேற ஏதாவதா? எப்படித் தெரிஞ்சுக்கிடுவது?"

அலுப்பு என்றால் ரெண்டு நாள் நன்றாகத் தூங்கி எழுந்தால் போய்விடும். ஆஃப் எடுத்து, வீட்டில் மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிட்டு, பிள்ளைகளோடு இருந்துவிட்டுத் திரும்பவும் டூட்டிக்குப் போகும்போது மனசு ஓரளவு லேசாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஆஃப் முடிகிற சாயங்காலமே நெஞ்சு படபடக்கிறது, பஸ் ஏறும்போது அழுகை வருகிறது, எவ்வளவு தூங்கினாலும் தீரவில்லை என்றால் அது அலுப்பைத் தாண்டிவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் பர்ன் அவுட் என்பதை நோயாகச் சேர்க்கவில்லை, வேலையால் வருகிற நிலை என்றுதான் வைத்திருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள்: சக்தியெல்லாம் வற்றிப்போன உணர்வு, வேலையிலிருந்து மனசு விலகிப்போவது அல்லது வெறுப்பாவது, நம்மால் ஒன்றும் உருப்படியாக முடியவில்லை என்ற எண்ணம். இரண்டாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. 'அந்த அம்மா' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் 'பன்னிரண்டாம் நம்பர்' என்று சொல்ல ஆரம்பிப்பார், நோயாளி வலி என்றால் முதலில் எரிச்சல் வரும். அப்படி ஆகிவிட்டதே, நான் கெட்டவளோ என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். குணம் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை, தாங்க முடியாத அளவு சுமை ஏறிவிட்டது என்றுதான் அர்த்தம்.

"ஒரு ஸ்டாஃபுக்கு இத்தனை பேஷண்ட்டுன்னு கணக்கு ஏதாவது உண்டா?"

உண்டு. இந்திய நர்சிங் கவுன்சில் சொல்கிற அளவு: மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரியின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ், மற்ற பொது ஆஸ்பத்திரிகளில் ஐந்து பேருக்கு ஒருவர், ஐசியுவில் ஒருவருக்கு ஒருவர். லீவு போடுகிறவர்களின் இடத்தை நிரப்ப 30 விழுக்காடு ஆட்கள் கூடுதலாக வேண்டும். நைட்டில் ஒரு வார்டு முழுவதையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிற நம் பிள்ளைகள் இதைக் கேட்டால் நம்ப மாட்டார்கள்.

ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. லிண்டா ஏகன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில ஆஸ்பத்திரிகளில் ஆய்வு செய்து 2002-ல் வெளியிட்டார்கள். ஒரு நர்ஸிடம் கூடுதலாக ஒரு நோயாளி சேர்ந்தால், ஆபரேஷன் ஆனவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது, நர்ஸ்கள் பர்ன் அவுட் ஆகும் வாய்ப்பு 23 விழுக்காடு கூடியது. ஆகவே 'ஆள் போதாது' என்று ஒரு நர்ஸ் சொன்னால் நோயாளிக்காகவும் சேர்த்துத்தான் சொல்கிறார். நிர்வாகத்திடம் பேசும்போது இதையே முதலில் சொல்லுங்கள், நம் அலுப்பைச் சொல்வதைவிட அது எடுபடும்.

"நைட் முடிஞ்சு வந்தா பகல்ல ஒறக்கமே வர மாட்டேங்குது. என்ன செய்ய?"

காலை வெளிச்சம் கண்ணில் பட்டதும் 'விடிந்துவிட்டது, எழுந்திரு' என்று மூளை முடிவு செய்துவிடும். அதனால் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும்போதே கறுப்புக் கண்ணாடி போடுங்கள், அது இல்லையென்றால் குடையாவது பிடியுங்கள். வீட்டுக்கு வந்து லேசாகச் சாப்பிட்டு, குளித்து, உடனே படுத்துவிட வேண்டும். பாத்திரம் கழுவி, துணி துவைத்துவிட்டு அப்புறம் படுக்கலாம் என்று போனால் பதினொரு மணி ஆகிவிடும், அதற்குமேல் தூக்கம் பிடிக்காது. ஜன்னலில் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள், ஃபேனை வேகமாக வையுங்கள், போனை வேறு அறையில் போடுங்கள். கோவில் கொடையும் சர்ச் திருவிழாவும் மாறி மாறி வருகிற ஊரில் ஒலிபெருக்கிக்குத் தப்ப முடியாது, காதில் வைக்கிற அடைப்பான் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நைட்டுக்குப் போகும் முன் மத்தியானம் ஒன்றரை மணி நேரமாவது தூங்குங்கள். கட்டன் சாயா, காபி எல்லாம் ராத்திரியின் முதல் பாதியோடு நிற்கட்டும், மூன்று மணிக்குக் குடித்த சாயா காலை ஒன்பது மணிக்கும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும். நடுராத்திரியில் பரோட்டா வேண்டாம், வயிறு ஏற்காது. கஞ்சி, பயறு, பழம் போதும்.

நைட் முடிந்த காலையில் ஸ்கூட்டி ஓட்டாதீர்கள். கண்ணைத் திறந்துகொண்டே சில நொடி தூங்கிப்போவது எல்லாருக்கும் நடக்கிறது, கேரளத்துக்கு லாரிகள் போகிற நம் ரோட்டில் அந்தச் சில நொடி போதும் விபத்துக்கு. பஸ்ஸில் வாருங்கள், இறங்க வேண்டிய ஸ்டாப்பைக் கண்டக்டரிடம் சொல்லி வையுங்கள், அல்லது வீட்டிலிருந்து யாராவது வந்து கூட்டிப்போகட்டும்.

"மருமவ நைட் முடிச்சு வந்து பகல் முழுக்கப் படுத்துக் கெடக்கா. வீட்டுச் சோலிய யாரு பாக்கது?"

அம்மா, நீங்கள் ராத்திரி பத்து மணிக்குப் படுத்து காலை ஐந்துக்கு எழுகிறீர்கள். அவள் அந்த நேரம் முழுக்க நின்றும் நடந்தும் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பகலில் ஆறு மணி நேரம் தூங்குவது சோம்பல் இல்லை, உங்கள் ராத்திரித் தூக்கம்தான் அவளுக்குப் பகலில் நடக்கிறது, அதுவும் முழுசாகக் கிடைப்பதில்லை. ராத்திரி வேலை உடம்பின் கடிகாரத்தையே குலைப்பதால் அது புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2007-லேயே வகைப்படுத்தியது, 2019-லும் அதையே திரும்பச் சொன்னது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, அந்தத் தூக்கத்தை மருந்து மாதிரி மதிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நைட் இருக்கிற நாட்களில் சமையல் யார், பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றுவது யார் என்று வீட்டில் உள்ளவர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரும் அதில் சேரட்டும். அவள் சம்பளத்தில் பிள்ளைகளின் பீஸ் கட்டுகிறோம் என்றால் அவள் தூக்கத்துக்கும் வீடு பொறுப்பு.

"இன்சார்ஜ் சிஸ்டரும் டாக்டரும் பேஷண்ட்டு முன்னாடியே ஏசுதாங்க. பதில் பேசலாமா?"

அந்த இடத்தில் வேண்டாம். 'சரி டாக்டர், பார்க்கிறேன்' என்று சொல்லி வேலையை முடியுங்கள். அன்றைக்கோ மறுநாளோ அவர் தனியாக இருக்கும்போது போய், 'தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிடுதேன், ஆனா பேஷண்ட்டு முன்னாடி சொன்னா அவங்க அப்புறம் என் பேச்சைக் கேட்க மாட்டாங்க' என்று சொல்லுங்கள். நோயாளியின் நன்மையை வைத்துச் சொன்னதால் பெரும்பாலான டாக்டர்கள் கேட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். கேட்காமல் தொடர்ந்தால் தேதி, நேரம், என்ன சொன்னார், யார் இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள், பிறகு நர்ஸ்களுக்குத் தலைமையான மேட்ரனிடம் எழுத்தில் கொடுங்கள்.

ஏச்சு வேறு, பாலியல் தொந்தரவு வேறு. நைட்டில் டூட்டி ரூமில் யாராவது கை வைத்தாலோ அசிங்கமாகப் பேசினாலோ மெசேஜ் அனுப்பினாலோ பொறுத்துப் போக வேண்டியதே இல்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். குழுவே இல்லாத சின்ன ஆஸ்பத்திரி என்றாலும், முதலாளி மேலேயே புகார் என்றாலும் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம்.

"பைஸ்டாண்டர் அடிக்க வாறாங்க. நாங்க என்னதான் செய்யது?"

பைஸ்டாண்டர், அதாவது நோயாளிக்குத் துணையாக நிற்கிறவர், படுகிற கோபத்தில் பாதி பயம். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, டாக்டரைக் காணோம், கண்ணெதிரே நிற்பது நர்ஸ் மட்டும்தான், அதனால் எல்லாம் நம் மேல் வந்து விழுகிறது. அவர் குரல் உயரும்போது நம் குரல் தாழ வேண்டும். 'டாக்டருக்குப் போன் பண்ணியாச்சு, பத்து நிமிஷத்தில வாறாங்க, அதுவரை நான் இங்கதான் நிப்பேன்' என்று நேரத்தோடு சொன்னால் பலரும் அடங்குவார்கள். 'இப்ப வந்துருவாங்க' என்று மொட்டையாகச் சொன்னால் இன்னும் கோபம்தான் வரும். குடித்துவிட்டு வந்தவரிடம் தனியாகப் பேசாதீர்கள். கதவு உங்களுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி நில்லுங்கள், செக்யூரிட்டியைக் கூப்பிடுங்கள்.

கை வைத்துவிட்டால் அது குற்றம். தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் பத்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நர்ஸும் அதில் அடக்கம். 'போகட்டும், கேஸ் வேண்டாம், ஆஸ்பத்திரி பேர் கெடும்' என்று நிர்வாகம் சமாதானம் பேசும். அடிபட்டவர் நீங்கள், முடிவும் உங்களுடையது. காயத்துக்கு முதலில் சிகிச்சை எடுத்து அதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள்.

"பேஷண்ட்டு செத்துப் போனா வீட்டுக்கு வந்து சோறு இறங்க மாட்டேங்குது. எனக்கு மனசு உறுதி இல்லையா?"

உறுதி நிறையவே இருக்கிறது. சிபிஆர் (நின்ற இதயத்துக்காக நெஞ்சை அழுத்துவது) கொடுத்துக் கை தளர்ந்து, முடியாமல் போனபின் குழாய்களையெல்லாம் எடுத்து, உடம்பைத் துடைத்து, கண்ணை மூடி, தாடையைக் கட்டி, சொந்தக்காரர்களிடம் கம்மலையும் செயினையும் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, பத்து நிமிஷத்தில் அடுத்த அட்மிஷனுக்குப் புது விரிப்பு போட்டவர் நீங்கள். அழ நேரமே இல்லாததால் அந்த அழுகை வீட்டுக்கு வந்து வெளிப்படுகிறது, அவ்வளவுதான்.

டூட்டி முடிகிற நேரத்தில் கூட இருந்தவர்கள் ஐந்து நிமிஷம் ஒன்றாக நின்று 'என்ன நடந்தது, நம்மால் ஆனதைச் செய்தோமா' என்று பேசிவிட்டுப் போங்கள். இதை வழக்கமாக்கிய வார்டுகளில் பிள்ளைகள் லேசாக வீட்டுக்குப் போவதைக் கண்டிருக்கிறேன். வீட்டில் ஒருவரிடமாவது பெயர் சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள். வாரக்கணக்காக அதே முகம் கனவில் வந்தால், அந்தப் படுக்கை பக்கம் போகவே பயமாக இருந்தால், கீழே ஆலோசனை பற்றிச் சொல்லியிருப்பதைப் பாருங்கள்.

"மருந்து மாத்திப் போட்டுட்டேன். பேஷண்ட்டுக்கு ஒண்ணும் ஆகல. சொல்லணுமா?"

சொல்ல வேண்டும், உடனே. முதலில் நோயாளியைப் பாருங்கள், பிபி, நாடி, மூச்சு. அடுத்து டூட்டி டாக்டரைக் கூப்பிட்டு என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று நேராகச் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், பழையதை அடித்துத் திருத்த வேண்டாம். ஒன்றும் ஆகவில்லை என்று இந்த நிமிஷம் தெரிவது ஒரு மணி நேரம் கழித்து மாறலாம், மறைத்தால் அதற்குள் செய்ய வேண்டியது செய்யாமலே போய்விடும்.

அப்புறம் வருகிற ராத்திரிகள்தான் கஷ்டம். தப்பு செய்த மருத்துவப் பணியாளரை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று ஆல்பர்ட் வூ என்ற அமெரிக்க டாக்டர் 2000-ல் எழுதினார். தூக்கம் போகும், ஒவ்வொரு ஊசியையும் நாலு தடவை சரிபார்க்கத் தோன்றும், வேலைக்கே லாயக்கில்லை என்று தோன்றும். இன்சார்ஜ் சிஸ்டர்களே, அந்தப் பிள்ளையை வார்டு நடுவில் நிறுத்தி ஏசினால் அடுத்த தப்பை எல்லாரும் மறைப்பார்கள். ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு ஆம்பூல்களை (ஊசி மருந்துக் குப்பிகளை) ஒரே டிரேயில் யார் வைத்தது, அந்த நேரத்தில் எத்தனை நோயாளிகள், ஊசி எடுக்கும்போது எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள், காரணம் அங்கேதான் இருக்கும்.

"ஊசி கையில குத்திட்டு. யாரிட்டயும் சொல்லல. பயமா இருக்கு."

குத்திய இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். பிழிந்து ரத்தம் எடுக்க வேண்டாம், ஸ்பிரிட் ஊற்ற வேண்டாம். உடனே டூட்டி டாக்டரிடமோ கேஷுவாலிட்டியிலோ (அவசர சிகிச்சைப் பிரிவிலோ) சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை, தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். ராத்திரி என்றால் காலை வரை காத்திராதீர்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, நேராக அங்கே கேஷுவாலிட்டிக்குப் போங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டிருக்கிறீர்களா என்று இன்றைக்கே பாருங்கள்.

"சம்பளத்த நெனச்சாலே டென்ஷன். படிக்க வாங்குன கடனே இன்னும் தீரல. இதுக்குச் சட்டம் ஒண்ணும் இல்லையா?"

தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்களின் சம்பளம் பற்றி உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன்பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம், 100 முதல் 200 வரை என்றால் அதில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறையக்கூடாது, 50 முதல் 100 வரை என்றால் 25 விழுக்காட்டுக்கு மேல் குறையக்கூடாது, 50-க்குக் கீழே இருந்தாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை என்பதால் ஒவ்வொரு மாநிலமும் சட்டமாக்கினால்தான் கட்டாயமாகும். கேரளம் 2018 ஏப்ரலில் 20,000 ரூபாயைக் குறைந்தபட்சச் சம்பளமாக அறிவித்தது. கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த அறிவிப்பு சும்மா வரவில்லை, நர்ஸ்கள் சங்கமாகச் சேர்ந்து பல வருஷம் போராடியதால் வந்தது. தனி ஆளாகப் போய்க் கேட்டால் 'இஷ்டமில்லைன்னா போ' என்பார்கள். ஆகவே சங்கம் பற்றி வீட்டார் பயமுறுத்தினாலும் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

"வேலைய விடுதேன்னு சொன்னா ஒரிஜினல் சர்டிஃபிகேட்டத் தர மாட்டேங்காங்க."

சர்டிஃபிகேட் உங்கள் சொத்து. அதைப் பிடித்து வைத்து ஆளைக் கட்டிப்போட யாருக்கும் உரிமை இல்லை. முதலில் ராஜினாமாவையும் சர்டிஃபிகேட்டைக் கேட்கும் கடிதத்தையும் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ், அல்லது போலீசில் புகார். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு அங்கே இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள். புதிதாகச் சேர்கிறவர்கள் ஒரிஜினலைக் காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள், வாங்கியே தீருவேன் என்றால் வாங்கியதற்கு எழுத்தில் ரசீது கேளுங்கள்.

"கவர்மென்ட் வேலை கெடச்சா, இல்ல கல்ஃபுக்குப் போனா எல்லாம் சரியாயிருமா?"

சில கஷ்டம் போகும், சில வரும். அரசு வேலையில் நிரந்தரமானால் சம்பளக் கவலை தீரும், பிரசவ விடுப்பு உண்டு, ஆனால் கூட்டம் குறையாது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015 முதல் எடுக்கப்பட்ட நர்ஸ்கள் தொகுப்பூதியத்தில்தான் தொடங்கினார்கள், நிரந்தரமாக்கக் கேட்டுச் சென்னையில் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. அதையும் தெரிந்து பரீட்சை எழுதுங்கள்.

கல்ஃபில் சம்பளம் நன்றாக இருக்கும், ஒரு நர்ஸுக்கு நோயாளிகள் குறைவாக இருக்கிற இடங்களும் உண்டு. ஆனால் ரெண்டு வயசுப் பிள்ளையை அம்மாவிடம் விட்டுப் போய் ராத்திரி வீடியோ காலில் அழுகிற பெண்களின் கஷ்டம் எந்த ரோஸ்டரிலும் (டூட்டிப் பட்டியலிலும்) வராது. போவதென்றால் கமிஷன் ஏஜென்டிடம் லட்சக்கணக்கில் கொடுக்கும் முன் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் என்ன அறிவிப்பு வந்திருக்கிறது என்று பாருங்கள். இங்கே ஏற்கெனவே பர்ன் அவுட் ஆகியிருந்தால் ஓய்வெடுத்து ஓரளவு தேறிய பிறகு போங்கள், சோர்ந்த உடம்போடு புது நாட்டில் புது மொழியில் தொடங்குவது ரெட்டைச் சுமை.

"வார்டுல இருக்க அல்பிரசோலம் பாதி போட்டாத்தான் ஒறக்கம் வருது. தப்பா?"

ஆமாம், அல்பிரசோலம் பதற்றத்துக்கு டாக்டர் எழுதித் தருகிற மாத்திரை, நிறுத்த வேண்டும். ஆனால் தினமும் போட்டுக்கொண்டிருந்தால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், படபடப்பும் தூக்கமின்மையும் திரும்ப வரும், சிலருக்கு வலிப்புகூட வரும். ஒரு டாக்டரிடம் உண்மையைச் சொல்லி அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். வார்டு ஸ்டாக்கிலிருந்து எடுப்பது கணக்கில் மாட்டினால் வேலையும் பதிவும் போகும். நோயாளிக்கு எழுதாத மருந்தை நாம் கொடுப்போமா? நமக்கும் அதே விதிதான்.

"சைக்கியாட்ரி ஓபிக்குப் போனா தெரிஞ்சவங்க பாத்துருவாங்க. வேலைக்குப் பாதகம் வருமா?"

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க வேண்டும், அதை உங்கள் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் நம் மாவட்டம் சின்னது, ஓபி வரிசையில் நின்றால் யாராவது ஒரு சித்தியாவது பார்த்துவிடுவார் என்ற பயம் நியாயமானதுதான். அப்படியென்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள், டெலி மானஸ் என்று 2022 முதல் நடக்கிற அரசு சேவை, தமிழில் பேசலாம், எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது. நேரில் போக வேண்டுமென்றால் திருநெல்வேலியோ திருவனந்தபுரமோ போய்ப் பாருங்கள், அதில் ஒன்றும் வெட்கமில்லை.

ரெண்டு வாரத்துக்குமேல் பெரும்பாலான நாள் மனசு இருண்டே கிடக்கிறது, எதிலும் ஆசை இல்லை, சாப்பாடும் தூக்கமும் மாறிவிட்டது என்றால் அது பர்ன் அவுட்டைத் தாண்டி மன அழுத்த நோயாக (டிப்ரஷன்) இருக்கலாம், லீவு மட்டும் போதாது, சிகிச்சை வேண்டும். செத்துப்போகலாம் என்று ஒரு தடவை தோன்றினாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், 14416-ஐ அழையுங்கள். மருந்துகள் கைக்கெட்டும் இடத்தில் வேலை செய்வதால் நம் விஷயத்தில் இது இன்னும் அவசரம். கூட வேலை செய்கிற பிள்ளை அப்படிப் பேசினால் 'சும்மா சொல்லுதா' என்று விடாதீர்கள், நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது.

"என்ன செய்யணும்னு தெரியும், செய்ய முடியல. அதுதான் உள்ள கெடந்து அரிக்குது."

கேட்டதிலேயே எனக்குப் பதில் சொல்லச் சிரமமான கேள்வி இது. படுக்கைப் புண் வராமல் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று தெரியும், ஆளில்லை. வென்டிலேட்டரில் வைத்து இழுத்துக்கொண்டிருப்பதில் அந்தப் பெரியவருக்கு வேதனை மட்டும்தான் என்று தெரியும், சொல்கிற இடத்தில் நாம் இல்லை. பணம் தீர்ந்து இன்னும் தேறாத ஆளை எழுதி வாங்கிக்கொண்டு கூட்டிப்போகிறார்கள், டிஸ்சார்ஜ் பேப்பரில் நாம் கையெழுத்து வாங்குகிறோம். ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவ ஆசிரியர் நர்ஸ்களின் இந்த வேதனையைத்தான் 1984-ல் தனியாக எடுத்து எழுதினார்: சரியானது எது என்று தெரிந்தும், செய்ய விடாதபடி அமைப்பு தடுப்பதால் வருகிற வலி.

இதற்குத் தூக்கமும் லீவும் மருந்தில்லை. செய்ய முடியாமல் போனதை எழுதுங்கள்: 'ஆள் பற்றாக்குறையால் நாலு மணிக்குப் புரட்டவில்லை' என்று ரிப்போர்ட் புத்தகத்தில் உண்மையாக எழுதினால் பொறுப்பு சேர வேண்டிய இடத்துக்குப் போகும். எல்லாம் செய்ததாக டிக் போடுகிற வழக்கம்தான் ஆள் போதும் என்று நிர்வாகத்தை நம்ப வைக்கிறது. இன்னொன்று, உங்கள் கைக்குள் இருப்பதை விடாதீர்கள். வலி மருந்துக்காக டாக்டரை இன்னொரு தடவை கூப்பிடுவதும், எழுதி வாங்கிப் போகிற குடும்பத்துக்குக் காப்பீட்டுத் திட்டக் கவுண்டரையும் அரசு ஆஸ்பத்திரியையும் காட்டிவிடுவதும் நம்மால் முடியும்.

"நான் இன்சார்ஜ். ஆளே தர மாட்டேங்காங்க. கீழ உள்ள பிள்ளைகளுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

ரோஸ்டர் உங்கள் கையில் இருக்கிறது, அதுவே பெரிய விஷயம். காலை, மத்தியானம், நைட் என்ற வரிசையில் மாற்றுங்கள், நைட்டிலிருந்து நேராகக் காலைக்குத் திருப்பாதீர்கள். நைட்டுக்குப் பிறகு வருகிற ஆஃபை யாருக்காகவும் பறிக்காதீர்கள். ரோஸ்டரை மாதத் தொடக்கத்திலேயே ஒட்டிவிட்டால் பிள்ளையின் பிறந்தநாளையும் ஊர்த் திருவிழாவையும் அவர்களே பேசி மாற்றிக்கொள்வார்கள். டபுள் டூட்டி எப்போதும் 'மாட்டேன்' என்று சொல்லத் தெரியாத அதே பிள்ளையின் தலையில் விழுகிறதா என்று பாருங்கள். சாப்பிட இருபது நிமிஷம் அனுப்பும்போது அவளது நோயாளிகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் யாரிடமாவது ஒப்படைக்காவிட்டால் அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவே மாட்டாள்.

மேலே கேட்பதை வாயால் கேட்காதீர்கள். இத்தனை படுக்கை, இத்தனை ஸ்டாஃப், கவுன்சில் அளவு இவ்வளவு, இந்த மாதம் இத்தனை டபுள் டூட்டி என்று மாதாமாதம் ஒரே தாளில் எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். உடனே ஆள் வராது. ஆனால் ஏதாவது நடந்து விசாரணை வரும்போது அந்தத் தாள்கள் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் காப்பாற்றும்.

"பேசாம விட்டுரலாமான்னு தோணுது. விடலாமா?"

நைட் முடிந்த காலையில் இந்த முடிவை எடுக்காதீர்கள். பத்து நாள் தொடர்ச்சியாக லீவு கிடைத்தால் எடுத்து, முதல் ரெண்டு மூன்று நாள் தூங்கிவிட்டு, அப்புறம் உங்களிடமே கேளுங்கள்: நோயாளியைப் பார்ப்பது பிடிக்கவில்லையா, இந்த ஆஸ்பத்திரி பிடிக்கவில்லையா? முதலாவது என்றால் வேறு வேலை தேடுவதில் தப்பே இல்லை, படிப்பு வீணாகாது, இன்சூரன்ஸ், மெடிக்கல் கோடிங், நர்சிங் பள்ளியில் டீச்சர் என்று பல வழி இருக்கிறது. இரண்டாவது என்றால் இடத்தை மாற்றுங்கள். கேஷுவாலிட்டியில் நொந்துபோன பெண்கள் டயாலிசிஸிலோ சமூக நர்சிங்கிலோ போய்ச் சேர்ந்து சந்தோஷமாக இருப்பதைப் பார்க்கிறேன்.

விடுவதென்றால் முறையாக விடுங்கள். நோட்டீஸ் காலத்தை முடியுங்கள், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டையும் பிஎஃப் விவரத்தையும் கையில் வாங்குங்கள், நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பித்தே வையுங்கள். ரெண்டு வருஷம் கழித்துத் திரும்பி வரத் தோன்றினால் அந்தப் பதிவு வேண்டியிருக்கும்.